கிளெனிஸ் வீட்டை அளக்க வந்தவன்

கிளெனிஸ் ப்ராசர் இருபத்தாறு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் ரோட்டைக் கடக்க லாரிகளை நிறுத்தியவள். மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு, வட்டப் பலகை மாட்டிய கம்போடு நடுரோட்டில் போய் நின்றால், கல்குவாரி லாரிகூட அவள் காலடியில் வந்து அடங்கிவிடும். ஒருமுறை சைரன் போட்டு வந்த போலீஸ் வண்டியையே நிறுத்தி, "பிள்ளைங்க போகட்டும், அப்புறமா உன் திருடனைப் பிடிச்சுக்கோ" என்றாள். அப்படிப்பட்டவளுக்கு, வீட்டை வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்து மாசமாக இழுத்தடித்த ஒருத்தனிடம், "வாங்கப் போறியா இல்லையா" என்று கேட்க வாய் வரவில்லை.

நான் நெஸ்டா, அவளுக்குப் பக்கத்து வீடு. வேல்ஸில் எங்கள் பள்ளத்தாக்கு வீடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்பவை. அவள் வீட்டு அடுப்படிக்கும் என் வீட்டு அடுப்படிக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். முப்பத்தொரு வருஷம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். என் புருஷன் போனது முதலில், அவளுடையவர் போனது இரண்டு வருஷம் கழித்து. அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒருவன் உண்டு, நியூசிலாந்தில். அதாவது, இல்லாத மாதிரிதான். வாசல் அறையில் நாற்காலி போட்டு ஊர்ப் பெண்களுக்கு முடிவெட்டிக் காலத்தை ஓட்டுகிறேன்.

கிளெனிஸுக்கு ஒரு இரட்டைச் சகோதரி, பெயர் ஓல்வன். இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி, போர்த் என்கிற கடலோர ஊருக்குப் போனவள். இங்கிருந்து மூன்று பஸ் மாறவேண்டும். நாற்பத்தொன்பது வருஷமாக வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இப்போது ஓல்வனுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அது நாளுக்கு நாள் பெரிதாகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இருப்பது ஒரே படுக்கையறை உள்ள சின்ன வீடு, கீழே கூடத்தில் கணவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறார். போய்த் தங்க இடம் கிடையாது. அப்போதுதான் ஓல்வனுக்குச் சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுக்காரர், ஹாப்கின் என்கிற கிழவர், வீட்டை விற்றுவிட்டு மகளோடு போகப்போவதாகச் சொன்னார். கிளெனிஸுக்கு நிலைகொள்ளவில்லை.

"அவ கண்ணு என் முகத்தைப் பாக்கறப்பவே போயிடணும்டி நெஸ்டா," என்றாள். "அப்புறம் போய் என்ன புண்ணியம்?"

ஹாப்கின் நல்ல மனுஷர். செப்டம்பர் முப்பது வரைக்கும் வேறு யாருக்கும் காட்டமாட்டேன், அதற்குள் உன் வீட்டுக்கு நிச்சயமான ஆள் கிடைத்துவிட்டது என்று உன் வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும் என்று வாக்குக் கொடுத்தார். கிளெனிஸ் மார்ச் மாசம் வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டாள். அன்று பகல் முழுக்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்து, ஒரு அம்மாவுக்கு முடியைக் காதுக்கு மேலே ஏற்றி வெட்டிவிட்டேன்.

ஏப்ரலில் கெத்தினும் அவன் மனைவி லோவ்ரியும் வந்தார்கள். என் வாசலில் நின்று என்னிடமும் இரண்டு வார்த்தை பேசினார்கள். இரண்டு பேருக்கும் முப்பதைத் தாண்டிக் கொஞ்சம் இருக்கும். லோவ்ரி பின்பக்கத்துச் சின்ன அறையில் ஜன்னலருகே போய் நின்றுகொண்டு, "இங்கேதான், கெத்தின். இந்த மூலையிலதான்" என்றாளாம். எதை வைக்க என்று சொல்லவில்லையாம். தொட்டில் என்று சொல்லவேண்டியதும் இல்லை. மறுநாளே கேட்ட விலைக்குச் சம்மதம் என்று தரகர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. கிளெனிஸ் அன்றே அட்டைப்பெட்டி வாங்கப் போய்விட்டாள்.

எங்கள் நாட்டில் சம்மதம் என்றால் வெறும் சம்மதம்தான். இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒரே நாளில் பத்திரம் மாற்றிக்கொள்ளும் வரைக்கும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. அதுவரை வீட்டை விற்கிறவள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாங்குகிறவன் மனசு மாறாமல் இருக்க வேண்டிக்கொள்ளலாம். நேரில் கேட்பது மரியாதை இல்லை என்று வேறு ஒரு எண்ணம். எல்லாம் தரகர் மூலமாகத்தான். தரகர் ஆபீஸ் பெண்ணைக் கேட்டால், "ரொம்ப ஆர்வமா இருக்கார்" என்பாள். அந்தப் பெண்ணுக்கு அதைத் தவிர வேறு வாக்கியம் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மே மாசத்திலிருந்து கெத்தின் தனியாக வந்தான். திரைச்சீலைக்கு ஜன்னலை அளக்கணும் என்றான். பிறகு அலமாரி மாடிப்படி ஏறுமா என்று பார்க்க வந்தான். பிறகு தோட்டத்தை அளந்தான். ஒவ்வொரு தடவையும் கிளெனிஸ் கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து நல்ல கோப்பைகளை எடுத்து, தேநீரில் ஊறவைத்த திராட்சை போட்டுக் கேக் சுட்டு உபசரித்தாள். அவனும் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டு, பின்பக்கத்து அறையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டுப் போவான்.

"வக்கீல் என்னப்பா சொல்றாரு?" என்று கிளெனிஸ் ரொம்ப யோசித்து ஒருநாள் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"அடுத்த வாரம் ஆயிடும், மிஸஸ் ப்ராசர். லோவ்ரிதான் ஒரு கையெழுத்துப் போடணும். அவளுக்கு வேலை அதிகம்."

"அதுக்கென்ன தம்பி, மெதுவா. இன்னொரு துண்டு எடுத்துக்கோ."

அவன் போனதும் நான் கத்தினேன். "மெதுவாவா? உனக்கென்ன பைத்தியமா? உருப்படியா ஒரு கேள்வி கேக்கத் தெரியாதா? அந்த டேப்பைப் பிடுங்கி அவன் கழுத்துல சுத்தியிருக்கணும்!"

"பாவம்டி, நல்ல பையன்" என்றாள்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கத்தினேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் மனசு குளிர்ந்தது. அவன் வருகிற ஒவ்வொரு தடவையும், இன்னும் ஒரு மாசம் கிளெனிஸ் இங்கேதான் என்று கணக்குப் போட்டேன். அவள் போய்விட்டால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி பாத்திரம் தேய்ப்பாள், அவள் எனக்கு யாரோதான். நான் யாரிடம் போய்க் கத்துவது?

புதன்கிழமைகளில் நான் நான்கு ஊர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் முடிவெட்டுவேன். செப்டம்பர் மூன்றாம் தேதி அங்கே போனபோது, புதிதாக வந்த நர்ஸ் தேநீர் கொண்டுவந்தாள். நிமிர்ந்து பார்த்தால் லோவ்ரி.

"நீங்க அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டிதானே?" என்றாள்.

"ஆமாம்மா. எப்போ குடிவரப் போறீங்க? ஜன்னலை அளந்து அளந்து உன் வீட்டுக்காரனுக்குக் கை ஓஞ்சிருக்குமே."

அவள் கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இன்னுமா அங்க வர்றான்? ஆன்ட்டி, நான் மே மாசமே எங்க அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். கடன் ரெண்டு பேர் சம்பளத்துக்குத்தான் கிடைக்கும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு அவன்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். வீடு கையில இருந்தா நான் திரும்பி வந்துடுவேன்னு நினைச்சுட்டு இருக்கான் போல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க. வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்."

சொல்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது சொல்லத்தான் நினைத்தேன். இறங்கி, கிளெனிஸ் வீட்டுக் கதவுவரை போனேன். அவள் கதவைத் திறந்து, "வாடி, பட்டாணி உரிக்கக் கூட ஆள் இல்லைன்னு உக்காந்திருக்கேன்" என்றாள். உரித்தோம், சிரித்தோம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள், புருஷன் பெண்டாட்டி விஷயம், சேர்ந்தாலும் சேர்ந்துவிடுவார்கள், நாம் ஏன் நடுவில் புகுந்து கெடுக்கணும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாள் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. சும்மா இருந்தேன். பதினொரு நாள். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்தப் பதினொரு நாளும் நான் அவளோடு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். இரண்டு தடவை மலையடிவாரம் வரை நடந்துபோய், முள்புதரில் காய்க்கிற கறுப்புப்பழம் பறித்து வந்தோம்.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை கெத்தின் மறுபடி வந்தான். இந்தத் தடவை பின்பக்கத்து அறைச் சுவருக்குக் காகிதம் ஒட்ட அளக்கவேண்டுமாம். அவன் போனதும் கிளெனிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஓல்வன் பேசினா. இடது கண்ணும் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் தாங்குமாம். நெஸ்டா, இந்தப் பையன் எப்படி, வாங்கிடுவான்ல? சொல்லேன்."

சொன்னேன். லோவ்ரியைப் பார்த்தது, கையெழுத்து, கடன், எல்லாம். எப்போது பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். அவன் கார் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. எப்போதும் அப்படித்தான், அங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். கிளெனிஸ் நேராகப் போய்க் காருக்கு முன்னால் நின்றாள், நானும் பின்னாலேயே போனேன். அவன் கண்ணாடியை இறக்கினான்.

"தம்பி, லோவ்ரி வரமாட்டா."

அவன் கையிலிருந்த டேப்பைப் பக்கத்து இருக்கையில் வைத்தான்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நாலு மாசமா வந்து அளக்கறே. நான் உன்மேல கோபப்படலை. ஆனா எனக்கும் ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா. வாங்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா."

"அந்த ரூம்ல நின்னா அவ இன்னும் பேசற மாதிரி இருக்கு, மிஸஸ் ப்ராசர்," என்றான். ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான், பெரிய ஆம்பிளை. கிளெனிஸ் ஜன்னல் வழியாகக் கைவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு இரண்டு பேரையும் பார்க்க முடியவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவன் விலகிக்கொண்டான். வாசலில் பலகை மறுபடி ஏறியது. ஆள் மேல் ஆளாக வந்து பார்த்தார்கள். அக்டோபர் ஆறாம் தேதி, ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். ஒரே ஒரு தடவை சுற்றிப் பார்த்தார், கடன் எதுவும் வேண்டாம், கையில் பணம் இருக்கிறது என்றார், சாயந்தரமே அவர் வக்கீல் கடிதம் அனுப்பினார். எனக்குத் தெரிந்து அவ்வளவு நேரான மனுஷரை எங்கள் தெரு பார்த்ததில்லை.

ஆனால் ஹாப்கின் ஒன்றாம் தேதியே பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஒரு தம்பதிக்குச் சரி என்று சொல்லிவிட்டார். லீவு நாளில் வந்து தங்க அவர்களுக்கு ஒரு வீடு வேண்டுமாம். கிளெனிஸ் போனில் கெஞ்சினாள். சுவர் வழியாக எனக்குக் கேட்டது. அவர் அவளுக்குக் கொடுத்த வாக்கை முப்பதாம் தேதிவரை காப்பாற்றினார், இப்போது அவர்களுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றுவாராம். நியாயம்தான். பத்திரம் மாற்றும்வரை யாரும் கட்டுப்பட்டவர் இல்லாத நாட்டில், ஊரில் இருந்த ஒரே ஒரு நாணயஸ்தர் அவராகப் போய்விட்டார்.

போர்த்தில் அவள் கைக்கு எட்டுகிற விலையில் வேறு வீடு இல்லை. தேடினோம், நானும்தான் கூடப்போய்த் தேடினேன். கடைசியில் பஸ் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கிளெனிஸ் பலகையைப் பிடுங்கச் சொன்னாள். பெட்டிகளைப் பிரித்து எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே அடுக்க நான் இரண்டு நாள் உதவினேன். ஆறு நாள் பிந்திவிட்டது, ஆறே ஆறு நாள் என்று சொல்லிக்கொண்டே அடுக்கினாள். என் மனசில் ஓடிய எண்ணிக்கை வேறு.

ஜனவரியில் அவள் மூன்று பஸ் மாறிப் போய் ஓல்வனைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்த சாயந்தரம் என் வீட்டு மேஜையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"வாசல்ல நின்னேன். 'யாரு?'ன்னு கேட்டாடி. என்னைப் பாத்து, யாருன்னு. நான்தான்னு சொன்னதும் முகத்தைத் தடவித் தடவிப் பாத்தா. 'உனக்கும் வயசாயிடுச்சா கிளெனிஸ்'ன்னா." அவள் அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை எதற்கு என்று அவளுக்குத் தெரியாது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"எல்லாரும் என்னை இழுத்தடிச்சாங்க. அவன், அந்த ஆபீஸ்காரி, வக்கீல், எல்லாரும். நீ ஒருத்திதான், விஷயம் தெரிஞ்ச உடனே ஓடிவந்து சொன்னே. அதை நான் சாகறவரைக்கும் மறக்கமாட்டேன்டி நெஸ்டா."

உடனே என்றாள். நான் கையை விலக்கிக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.