அவருக்கு நான் எழுதிக் கொடுத்த மதம்

கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் அமெரிக்க அம்மா தன் வீட்டிலேயே டேகேர் நடத்தினார். அறுபது வயதிருக்கும். அவரிடம் ஆறு குழந்தைகள். அதில் ஒன்று என் நான்கு வயது மகள். வேலை பார்க்க அனுமதி இல்லாத எச்-4 விசாவில் மூன்று வருடம் வீட்டுச் சுவரை வெறித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் அனுமதி வந்து வேலை கிடைத்திருந்தது. அந்த வேலையே அவரை நம்பித்தான் ஓடியது. அவர் கதவைச் சாத்தினால் நான் மறுபடியும் சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு புதன்கிழமை மதியம் ஆபீசுக்கு ஃபோன் வந்தது. என் சிநேகிதி, சென்னைக்காரி. அவள் பையனும் அந்த டேகேருக்குத்தான் போனான்.

“விஷயம் தெரியுமாடி? அந்த லேடி விட்ச்சாம்! பேக்யார்டுல ஒரு கல்ல வெச்சு அதுக்கு பீர் ஊத்தறாங்களாம். ஒரு பேரன்ட் பாத்துட்டு என்னன்னு கேட்டா, நான் பேகன்னு கூலா சொல்லியிருக்காங்க. சாட்டர்டே எல்லா பேரன்ட்ஸையும் வரச் சொல்லியிருக்காங்க. நான் வந்து முகத்துக்கு நேரா சொல்லிட்டு, பையன நிறுத்திடப் போறேன்.”

எனக்குப் பயமாகிவிட்டது. பேகனை நினைத்து அல்ல, வேலையை நினைத்து. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்று மாலையே லைப்ரரிக்குப் போனேன். பேகன் என்றால் என்ன என்று தேடியதில் கைக்கு அகப்பட்டது விக்கா மதத்தைப் பற்றிய ஒரு புத்தகம். இரண்டும் ஒன்றுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறுநாள் லஞ்ச் நேரம் முழுக்க அதைப் படித்தேன். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வெளியே தெரியவந்த மதம். ஆண் தெய்வம் ஒன்று, பெண் தெய்வம் ஒன்று. வருடத்துக்கு எட்டுப் பண்டிகை. எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்கும் தீங்கு செய்யாதே என்று ஒரு விதி. அப்பாடா என்றிருந்தது. இந்த விதி ஒன்று போதுமே, எல்லார் வாயையும் அடைத்துவிடலாம்!

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். “உனக்கெதுக்கு இந்த வம்பு? வேற டேகேர் பாத்துக்கலாம்.”

“எங்கீங்க பாக்கறது? மத்த எடத்துலயெல்லாம் ஆறு மாசமா வெயிட்டிங் லிஸ்ட்லயே கெடக்கறோம்.”

அன்று இரவே பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு பக்கக் கடிதம் டைப் பண்ணினேன். இவர் விக்கா மதத்தைச் சேர்ந்தவர், விக்கா ஒரு கண்ணியமான மதம், அதன் முதல் விதி இன்னது என்று விளாசியிருந்தேன். இரண்டு நாளில் அந்த மதத்துக்கே வக்கீல் ஆகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மகளை அழைக்கப் போனபோது கடிதத்தை அவரிடம் நீட்டினேன். மகள் ஒற்றை ஷூவோடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் நான் விக்கா இல்லை.”

“பேகன் என்றுதானே சொன்னீர்கள்?”

“பேகன்தான். பழைய தெய்வங்களைக் கும்பிடுகிற எல்லாருக்கும் பொதுப்பெயர் அது. விக்காவும் பேகன் வழிகளில் ஒன்று. கிறிஸ்தவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர்களா என்ன? அதே மாதிரிதான் இதுவும். விக்காக்காரர்கள் வட்டம் போட்டு நிற்பார்கள், நிலா பார்த்துப் பூஜை செய்வார்கள். எனக்கு அதில் தோழிகள் உண்டு. சேர்ந்து சாப்பிடுவோம், சாமி மட்டும் வேறு. என் முன்னோர்கள் நார்வேக்காரர்கள். அங்கே பழைய காலத்தில் கும்பிட்ட தெய்வங்களைத்தான் நான் கும்பிடுகிறேன். ஒரு கல், ஒரு கிண்ணம் பீர், இறந்துபோனவர்களின் பெயர்கள். அவ்வளவுதான்.”

“தீங்கு செய்யாதே என்கிற விதி?”

“அது அவர்களுடையது. எனக்கு அப்படி எழுதி வைத்தது ஒன்றும் இல்லை.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நாளை ஒரு நாள் விக்கா என்று சொல்லிவிட்டுப் போங்களேன். என்ன குறைந்துவிடும்?”

“கஷ்டம் வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்ள அது என் கோட்டு இல்லையே” என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோபாவுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பிடிவாதம் பிடித்த மனுஷி! முதல் தெரு முடிவதற்குள் திட்டு என் பக்கம் திரும்பிவிட்டது. பக்கத்து ஊர் லிவர்மோரில் இருக்கும் இந்துக் கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும்போது அர்ச்சகர் கோத்திரம் கேட்பார். ஈரோட்டுப் பக்கத்து ஆட்களான எங்களுக்குக் கூட்டம் என்கிற குலப்பிரிவு உண்டு, கோத்திரம் கிடையாது. நான் ஒவ்வொரு முறையும் “சிவ கோத்திரம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். உங்கள் குலதெய்வம் எது என்று அங்கே யாராவது மாமி கேட்டால் “முருகன்” என்பேன். முருகன் எங்கள் குலதெய்வமே அல்ல. சங்கடம் வரும்போதெல்லாம் நான் அடுத்தவர் கோட்டைத்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். தெருவிலேயே நின்று அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்தேன். “Why are you mad, Amma?” என்று மகள் கேட்டாள். கோபமில்லை, வெட்கம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை எல்லாரும் அவர் வீட்டு ஹாலில் கூடினோம். சிநேகிதி, மகனின் மாற்றுத் துணிப் பையை முன்கூட்டியே எடுத்து மடியில் வைத்திருந்தாள். அந்த அம்மா தான் யார், என்ன கும்பிடுகிறார் என்று என்னிடம் சொன்னதையே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கல்லை முதலில் பார்த்த அப்பா எழுந்தார். “கல்லுக்குச் சாராயம் ஊற்றுகிறவரிடம் எந்தப் பெற்றோராவது குழந்தையை விடுவார்களா?”

நான் எழுந்து நின்றேன். 

“நான் விடுவேன். எங்கள் குலதெய்வத்தின் பெயர் கருப்பராயன். அவரும் ஒரு கல்தான். அவருக்குச் சாராயம் வைப்போம், சுருட்டு வைப்போம், கிடா வெட்டுவோம். என் மகளுக்கு முதல் மொட்டை அடித்தது அந்தக் கல்லுக்கு முன்னால்தான். நீங்கள் பேகன் என்று எதைச் சொல்கிறீர்களோ, அது நானும்தான். எனக்கு இந்த அம்மாவைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. மாலையில் நான் கூப்பிட வந்தால் என் மகள் கிளம்ப மாட்டேன் என்கிறாள்.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷமில்லை. அந்த அப்பா மட்டும் தன் குழந்தையை நிறுத்திக்கொண்டார். மூன்று குடும்பங்கள் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போயின. சிநேகிதி யாரிடமும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திங்களன்று லிவர்மோர் கோயில் வட்டாரம் முழுக்க என் சாராயக் கல்தான் பேச்சாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆச்சரியம், அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிநேகிதியிடமிருந்து ஃபோன் வந்தது. 

“எங்க வீட்டுக்காரர் சைடுல முனீஸ்வரன்டி” என்றாள், குரலைத் தாழ்த்தி. “அவருக்கும் சுருட்டுதான். இங்க வந்து எட்டு வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்ததில்ல.”

 அவள் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்:

“நாளைக்கு எத்தன மணிக்கு டிராப் பண்ற? நானும் அதே டைமுக்கு வரேன்.”