மொட்டை மாடிப் பருத்தி

மேனாம்பேட்டில் காய்கறி வண்டி வைத்திருக்கும் அப்துல் ரசாக்குக்கு ஆக்னஸ் டீச்சரைக் கண்டாலே பயம். ஒவ்வொரு கத்திரிக்காயையும் திருப்பி, ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பாள். "டீச்சரம்மா, நீங்க வந்தாலே என் சரக்குல பாதி சொத்தையா பூடுது" என்பார். சொத்தை ஏற்கெனவே வண்டியில் இருந்ததுதான். அது அவருக்கும் தெரியும்.

ஆக்னஸ் ஆவடியில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. கணவர் இறந்த பிறகு அவளும் மகள் வர்ஷாவும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

காய்ப்புழு தின்றால் செத்துப்போகும் என்று சொல்லி விற்கிற மரபணு மாற்றிய பருத்தி விதையை இந்த வருடம் ஒரு பை வாங்கினாள். குடியிருப்பின் மொட்டை மாடியில் தொட்டிகளில் போட்டு, வலை கட்டி, காய் பிடித்ததும் புழுவை விட்டாள். நிஜமாகவே சாகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். காயைப் பிளக்க இன்னும் சில நாள் இருக்கும்போது விதைக் கம்பெனிக்கு ஒரு சந்தேகம் கேட்டு எழுதினாள். அங்கேதான் சிக்கினாள்.

பையைப் பிரித்தாலே நிபந்தனைக்குச் சம்மதம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததாம்: பயிரிடலாம், ஆராயக் கூடாது. தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கின விதைக்குமா? எனக்கு இதை எழுதும்போதும் எரிகிறது.

கம்பெனி நேராகக் கல்லூரிக்குப் புகார் அனுப்பியது. கல்லூரிச் செயலாளர் அவளைக் கூப்பிட்டு இரண்டே வழி சொன்னார். செடிகளை அழித்து, இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை, அழிப்பதைப் படம் பிடிக்கக் கம்பெனியிலிருந்து ஸ்ரீநாத் என்று ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும், மரியாதையான பிள்ளை. செடியைப் பிடுங்குவது மட்டும் போதாது, காய்க்குள் இருக்கும் விதையும் நசுங்க வேண்டும், அத்தனையும் வீடியோவில் வர வேண்டும் என்றான். ஆக்னஸ் கத்தியை எடுத்து வந்தாள்.

முதல் காயைப் பிளந்தாள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு, கொழுகொழுவென்று நெளிந்தது. அடுத்த காயிலும் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு. புழு சாகவில்லை. தெரிந்துவிட்டது, ஆனால் சொல்லக் கூடாது.

"போதும் மேடம்" என்றான் ஸ்ரீநாத்.

எல்லாக் காயும் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டு அடுத்ததைப் பிளந்தாள். அவன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே இருந்தான். கடைசிக் காய் முடிந்தும் அவன் நகரவில்லை.

"எங்கப்பா பெரம்பலூர்ல இந்த விதையைத்தான் போட்டிருக்காரு மேடம். மருந்தே அடிக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்." பிளந்து கிடந்த காய்களைப் பார்த்தான். "இப்ப என்ன பண்றது?"

ஆக்னஸுக்குத் தான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. கீழே வீட்டில் வர்ஷா சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பது மாடிவரை கேட்டது. பயமாகத்தான் இருந்தது.

கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"முதல்ல கேமராவை நிறுத்துங்க தம்பி" என்றாள். "சொல்றேன்."