கைதட்டும் வரை

என் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் மொழியும் இலக்கியமும் நடத்திக்கொண்டிருந்தாள். பதினேழு வருடமாக அதே கட்டடம், அதே மாடி, படிக்கட்டை ஒட்டிய அதே அறை. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிலை டீச்சர். அது அவளுக்கும் தெரியும். ஒருமுறை கரும்பலகையின் மூலையில் யாரோ அப்படி எழுதிவைத்துவிட்டு ஓடியபோது, பரவாயில்லை, பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாளாம்.

பெயருக்குக் காரணம் அவள் நாடகம் நடத்தும் முறை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிடுவாள். தரையில் சாக்பீஸால் பெரிய சதுரம் ஒன்று போடுவாள். பிள்ளைகள் ஐந்தாறு பேராகப் பிரிந்து நாடகத்தில் ஒரே ஒரு கணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பார்க்காமல் இருக்கிறார்கள் என்று தங்களுக்குள் சண்டைபோட்டு முடிவுசெய்து, சதுரத்துக்குள் வந்து சிலையாக நிற்க வேண்டும். அக்கா ஒருவர் தோளைத் தொடுவாள். தொடப்பட்டவர் அந்தப் பாத்திரம் மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுபடி தொட்டால்தான் நிறுத்தலாம். அதுவரை, சரக்கு தீர்ந்துபோனாலும், எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் அவள் ஒரு தடவை கைதட்டுவாள். அந்தச் சத்தம் கேட்கும் வரை சதுரத்துக்குள்ளும் வெளியிலும் ஒருவரும் அசையக் கூடாது. மணி அடித்தாலும் சரி, கூரை இடிந்து விழுந்தாலும் சரி.

அறையின் மூலையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பழைய செருப்புகள், கண்ணாடியில்லாத மூக்குக்கண்ணாடிகள், கம்பி உடைந்த குடை, காது கேட்கும் கருவி ஒன்று, யாருடையதோ தெரியாத ஒரு ஊன்றுகோல். புதுப் பாத்திரம் வந்தால் பிள்ளைகள் முதலில் அந்தப் பெட்டியிலிருந்து செருப்பைத்தான் எடுப்பார்கள். வசனத்தை அப்புறம் படிக்கலாம், ஆள் எப்படி நடப்பான் என்று முதலில் பாருங்கள் என்பாள் அக்கா.

இதையெல்லாம் நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருந்தேன். கப்பல் சமையலறை, ஆப்பிள் தோட்டம், தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. நான் திரும்புவதற்குப் பத்து மாதம் முன்பு அத்தான் இறந்துபோயிருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பியவர் பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது நான் கடலில் இருந்தேன். கரை வந்த பிறகும் உடனே வரவில்லை. அதற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் இருந்தது. அக்கா அதில் ஒன்றைக்கூட இதுவரை கேட்டதில்லை.

நான் பையோடு வாசலில் நின்றபோது, வந்துட்டியா, செருப்பை உள்ளே விடு, மழை வரும்போல இருக்கு என்றாள். பிறகு உள்ளே போய் நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவேயில்லை என்று பெரியம்மா தொலைபேசியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா, பார்க்கவே பயமா இருக்கு, நீயாவது ஏதாவது பண்ணு என்றாள். அக்கா சாப்பிட்டாள், தூங்கினாள், துணி துவைத்தாள். தட்டில் உப்பில்லாமல் வைத்தால் உப்பில்லாமல் சாப்பிட்டாள். ஒருநாள் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தேன். அப்புறம் வைக்கவில்லை.

நான் வருவதற்கு மூன்று வாரம் முன்பு வகுப்பில் ஒன்று நடந்திருந்தது. பிள்ளைகளில் எந்நேரமும் பேசும் ஒரு பெண் இருந்தாள், வானொலி என்று பட்டப்பெயர். அவள்தான் எனக்குச் சொன்னாள். அன்று நாடகத்தில் ஒரு குடும்பம், வெளியூர் வேலைக்குப் போகும் தந்தையை ரயில் நிலையத்தில் வழியனுப்புகிறது. தந்தையாக நின்றவன் வகுப்பிலேயே உயரமானவன், ஒட்டகம். டீச்சர் அவன் தோளைத் தொட்டாள். அவன் பேசினான். மறுபடி தொட்டாள். நிறுத்தினான். அதன் பிறகு டீச்சர் கைதட்டவில்லை. அவன் தோளில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. மணி அடித்தது. யாரும் அசையவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணக்கு வாத்தியார் கதவைத் திறந்து பார்த்தால், இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரு டீச்சரும் மூச்சுவிடுவதுகூடத் தெரியாமல் நிற்கிறார்கள்.

"பதினோரு நிமிஷம் அக்கா," என்றாள் வானொலி. "எனக்கு மூக்கு அரிச்சுது. சொறியவே இல்ல. நான் வாயை மூடிட்டு இருந்ததே அன்னிக்குத்தான்னு எங்கம்மா சொல்றாங்க."

ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள். முழங்கையில் அடி. வாத்தியார் இரண்டு தடவை சத்தம் போட்ட பிறகுதான் அக்கா திரும்பிப் பார்த்தாளாம். அப்போதும், யாரும் இன்னும் அசையக் கூடாது என்பதுபோல விரலை உதட்டில் வைத்தாளாம்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கும், எப்போதும் தூக்கம் போதாதவர்போலத் தெரியும் பெண்மணி. மயங்கிய பெண்ணின் வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். ஒரு மாதத்துக்கு அந்த வகுப்பில் இன்னொரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் அவரே வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் வகுப்பு அக்காவிடமே இருக்கும். இல்லையென்றால் அடுத்த பருவத்திலிருந்து புதிதாக வந்த ஆசிரியர் வினாவிடைக் கையேட்டை வைத்து நடத்துவார். அக்கா கீழ்த்தளத்தில் புத்தக அறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த ஆசிரியருக்கும் ஓய்வு நேரம் ஒத்துவரவில்லை. நீ சும்மாதானே இருக்கே, வந்து பின்னாடி உட்காரு என்றாள் அக்கா. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் செய்ய வேண்டாம், மறுபடி அந்த மாதிரி ஆச்சுன்னா மட்டும் தட்டு என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே இதைச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள்.

"எனக்கு எதுவும் உறைக்கல டி. சூடு தெரியல, குளிரு தெரியல. அந்த ரூமுக்குள்ள போனா மட்டும் யார் எங்க நிக்கிறாங்கன்னு தெரியுது. அதுவும் போச்சுன்னா அப்புறம் நான் எங்க போய் நிக்கிறது."

அந்த ஒரு மாதம் அக்கா ஒழுங்காகத்தான் நடத்தினாள். ஒருநாள் கவிதை ஒன்றைத் தரையில் கயிறுபோல நீட்டி எழுதி, நிறுத்தம் வரும் இடத்திலெல்லாம் திரும்பி நடக்கச் சொன்னாள். வேகமாகப் போனவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். எந்த வரியில் மூச்சுவிட இடமில்லை என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது. இன்னொரு நாள், கதையில் வாயே திறக்காத ஒரு வேலைக்காரி தன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை எழுதச் சொன்னாள். ஒட்டகம் நாலு பக்கம் எழுதினான். அவன் பரீட்சையில்கூட அவ்வளவு எழுதியதில்லை என்றார்கள்.

எனக்கு உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவேன், சன்னலில் நிற்பேன், வராந்தாவில் நடந்துவிட்டு வருவேன். சிலை நிற்கும்போது பெரும்பாலும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் திரும்புவேன்.

"உங்களை இங்க நிக்கவெச்சா நாலு எண்ணுறதுக்குள்ள ஓடிடுவீங்க அக்கா," என்றாள் வானொலி. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அக்காவும் உதட்டை லேசாக அசைத்தாள்.

மாதக் கடைசி வந்தது. பாடத்திட்டத்தில் பாதியில் நின்றிருந்தது அதே ரயில் நிலைய நாடகம். அதையே முடித்துவிடலாம் என்றார் தலைமையாசிரியை. அவர் என் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தார். பிள்ளைகள் பெட்டியைத் திறந்து செருப்பு எடுத்தார்கள். ஒட்டகம் கையை விட்டுத் துழாவி, பழக்கப்பட்டவன்போல ஒரு ஜோடியை எடுத்து மாட்டினான்.

பழுப்புத் தோல், பக்கவாட்டில் பித்தளை வளையம். ஒரு துறைமுகச் சந்தையில் நான் வாங்கிய செருப்பு அது. அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கி அத்தானுக்குத் தபாலில் அனுப்பினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கு, உன் அக்கா கண்ணு வைக்கிறா என்று அவர் தொலைபேசியில் சொன்னார். அது எப்போது அந்தப் பெட்டிக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. போட்டது அக்காதான். வேறு யார் போடுவார்கள்.

சிலை நின்றது. தந்தை ஒரு காலை ரயில் படியில் வைத்திருக்கிறான். மனைவி குனிந்து மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருக்கிறாள். வானொலி சுமைதூக்கி. அக்கா மனைவியைத் தொட்டாள், கேட்டாள், நிறுத்தினாள். ஒட்டகத்தின் தோளைத் தொட்டாள்.

"வண்டி கிளம்பப்போகுது," என்றான் அவன். "இவ ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாப் போதும். பார்க்க மாட்டா போல. முடிச்சுத்தான் முக்கியம் இவளுக்கு. சரி, போயிட்டு வந்து பேசிக்கலாம்."

அக்கா மறுபடி தொட்டாள். அவன் நிறுத்தினான். அவள் கை அவன் தோளிலேயே இருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். அவள் முதுகு எனக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவன் காலில் அந்தப் பித்தளை வளையம் தெரிந்தது. தலைமையாசிரியை பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். நான் கைதட்டினேன்.

எல்லோரும் அசைந்தார்கள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்க நிற்பவளைப்போல ஒரு பார்வை.

வராந்தாவில் தலைமையாசிரியை குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்து தட்டிவிட வேண்டியிருக்கும்மா. நாளைக்கு அவங்க இல்லைன்னா? பிள்ளைங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்."

"சரிங்க மேடம்," என்றாள் அக்கா.

வீட்டுக்கு நடந்து போனோம். சாலையைக் கடக்க நின்ற இடத்தில், "பதினாறு," என்றாள்.

என்ன பதினாறு என்று கேட்டேன்.

"எண்ணிட்டிருந்தேன். கடைசி ஆள் பேசி முடிச்சதும் எப்பவும் இருபது எண்ணிட்டுத்தான் தட்டுவேன். கேட்டது உள்ள இறங்க அவ்வளவு நேரம் வேணும். நீ பதினாறுல தட்டிட்டே."

ஒரு மாதம் அந்த அறையில் இருந்திருக்கிறேன். ஒருநாள்கூட அது என் கண்ணில் படவில்லை. அப்படியானால் அன்றைக்கு என்ன ஆயிற்று, பதினோரு நிமிடம் எப்படி என்று கேட்டேன்.

"அன்னிக்கும் எண்ணினேன். இருபது வந்துச்சு. அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு தெரியல."

பச்சை விளக்கு விழுந்தது. கடந்தோம்.

மறுநாள் நான் மட்டும் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். இருபது எண்ணும் கணக்கையும் தவறு என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டார். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். இருக்கலாம்மா, ஆனால் மேலே எழுதி அனுப்பிவிட்டேன் என்றார். சதுரத்தைத் துடைத்து, பெஞ்சுகளை மறுபடி வரிசையாகப் போட்டிருந்தார்கள். புதிய ஆசிரியருக்குப் பெட்டி தேவைப்படவில்லை. ஒட்டகமும் வானொலியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து சமையலறைச் சுவரோரம் வைத்தார்கள். வானொலிகூடப் பேசாமல் போனாள்.

அக்கா புத்தக அறைக்குப் போகத் தொடங்கினாள். புத்தகங்களின் முதல் பக்கத்தில் முத்திரை குத்துகிறாள், கிழிந்ததை ஒட்டுகிறாள், எண் எழுதுகிறாள். வேலை எப்படி என்று கேட்டால், வெளிச்சம் போதாது என்பாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் சமையலறைக்குள் போனபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி அவள் தொட்டியின் முன்னால் நின்றாள். தண்ணீர் தட்டில் விழுந்து அவள் மேல் தெறித்துக்கொண்டிருந்தது. புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. கூப்பிட்டேன். திரும்பவில்லை.

பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டேன்.

"பால் தீந்துபோச்சு," என்றாள்.

நான் மறுபடி தொடவில்லை. கையை அப்படியே வைத்திருந்தேன்.

"குடை ரிப்பேருக்குக் குடுக்கணும். பெரியம்மாவுக்குப் போன் பண்ணணும். அந்த ரூம்ல வெளிச்சம் பத்தல. செருப்பு சும்மா கிடந்துச்சு, பெட்டிக்குள்ள போட்டேன். அன்னிக்கு அந்த வளையம் மாட்டுற சத்தம் கேட்டுச்சு. போயிட்டு வரேன்னாரு. பதினாலு நோட்டு பாக்கி இருந்துச்சு. நான் நிமிரல."

அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. நின்றாள். நானும் நின்றேன். மனதுக்குள் எண்ணினேன். எட்டில் ஓடத் தோன்றியது. பதினாறில் என் இன்னொரு கை தானாக எழுந்தது, இறக்கிக்கொண்டேன். இருபது வந்தது. அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

கையை நீட்டிக் குழாயை மூடினேன்.