மில்லுக்காரர் வீட்டில் சத்தம் நின்றது

டிப்போவில் என் தம்பிக்கு மில்லுக்காரர் என்று பெயர். மில் எதுவும் கிடையாது. ஓய்வறையில் அவன் படுத்தால் மாவு அரைக்கிற சத்தம் வரும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறான். வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

போன வருஷம் ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. கண்டக்டர் ஓடிவந்து தோளைத் தட்டி எழுப்பினார். பயணிகள் யாரும் கவனிக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் தம்பி மேலாளர் மேஜையில் சாவியை வைத்தான்.

"நான் நல்லாயிட்டேன்னு சொல்ற வரைக்கும் குடுக்காதீங்க சார்."

"நீ சொன்னா போதாதுய்யா. டாக்டர் எழுதிக் குடுக்கணும்."

அன்றிலிருந்து வண்டி கழுவும் இடத்தில் வேலை.

அரசு மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனைக்கு ஒரே ஒரு கட்டில். ஐந்து மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். தனியார் கிளினிக்கில் மூன்றாம் நாளே பார்த்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை அவனுக்கு மூச்சு நின்றுபோகிறது என்று கண்டுபிடித்தது அவர்கள்தான். மாஸ்க், குழாய், காற்றை அழுத்தித் தரும் மெஷின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாடகைக்குக் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் மாட்டியிருந்தான் என்பது மெஷினில் உள்ள சின்ன கார்டில் பதிவாகும்.

பதிவு மோசம். கிளினிக்கில் மொத்த நேரத்தை மட்டும் பார்த்து மாஸ்க்கை மாற்றினார்கள். பிறகு இன்னொன்று. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் வேறு குரல். "பழகிடும் சார்." தம்பி கண் செருகியபடி ஹோஸைப் பிடித்து நின்றான்.

"மில்லோட சேர்த்து கரண்டையும் நிறுத்திட்டாங்களா?" என்று கண்டக்டர் கிண்டல் செய்தார். அவன் சிரிக்கவில்லை.

அரசு மருத்துவமனைத் தேதி வந்தபோது போக வேண்டாம் என்றான். அக்காவான நானும் அவன் மனைவியும் இழுத்துக்கொண்டு போனோம். காலை ஏழு மணிக்குச் சீட்டு. கால் ஆடும் பெஞ்சில் நாலு மணி நேரம். உள்ளே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட ஒரு டெக்னீஷியன் அம்மா, கார்டைக் கணினியில் போட்டு ஒவ்வொரு இரவாகப் பார்த்தார்.

"மாஸ்க்ல ஒண்ணும் கோளாறு இல்லையே. போட்டிருக்கிற நேரமெல்லாம் மூச்சு சீரா ஓடுது. ஆனா முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கழட்டுறீங்க. அலாரம் வெக்கிறீங்களா?"

"இல்ல மேடம். தானா முழிப்பு வந்துடுது."

"தானா வந்தா இவ்வளவு ஒழுங்கா வராது. யார் எழுப்புறது?"

அவன் மனைவிதான் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் மேடம். சத்தமே வரல, பயமா இருக்கு. 'என்னங்க'ன்னு உலுக்குவேன். மாஸ்க்கைக் கழட்டிட்டு 'இருக்கேன்டி'ன்னு சொல்வார். அப்புறந்தான் எனக்கு மூச்சு வரும்."

"என்ன பயம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணி வீட்டுக்காரருக்கு அப்படித்தானே ஆச்சு."

என் கணவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவருக்கும் பெரிய குறட்டை. அன்றிரவு சத்தம் நின்றது. நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நானும் திரும்பிப் படுத்தேன். காலையில்தான் தெரிந்தது. இதை நான் அவளிடம் எத்தனை தடவை சொல்லி அழுதிருப்பேன். சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்தது. அது எங்கே போய் இறங்கியது என்று நான் யோசிக்கவே இல்லை.

டெக்னீஷியன் அம்மா தம்பியைக் கட்டிலில் படுக்கவைத்து மாஸ்க்கை மாட்டினார். எங்கள் இருவர் கையையும் பிடித்து அவன் வயிற்றில் வைத்தார்.

"ஏறி இறங்குதா? பயம் வந்தா இப்படித் தொட்டுப் பாருங்க. எழுப்பாதீங்க."

"தொப்பை இதுக்காவது உதவுதே," என்றான் தம்பி. மாஸ்க்கின் காற்றில் குரல் கொழகொழத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

முதல் வாரம் அவளுக்குத் துணையாக நான் பக்கத்து அறையில் படுத்தேன். மூன்றாவது நாள் காலையில் வந்து, "அண்ணி, கையை வெச்சபடியே நானும் தூங்கிட்டேன்," என்றாள், தப்புச் செய்தவள் மாதிரி.

ஒன்றரை மாதம் கழித்து கார்டில் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேலாளர் சாவியை நீட்டினார்.

முதல் நாள் நானும் டிக்கெட் வாங்கி ஏறினேன்.

"வேவு பாக்க வந்தீங்களா அக்கா?" என்றார் கண்டக்டர்.

"சும்மா."

அந்தச் சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி உடனே நகர்ந்தது. பயணிகள் யாரும் கவனிக்கவில்லை.