ஆம்பூரில் ஒரு அழுகைக் காட்சி

பாட்டு கேட்கும்போது எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். வேலூரில் ஒரு கல்லூரியில் இசைப் பேராசிரியனாக இருபது வருஷம் குப்பை கொட்டியதில் ஒட்டிக்கொண்ட வியாதி. மாணவி பாடினாலும் மூடும், குக்கர் விசில் அடித்தாலும் மூடும். "வண்டி ஓட்டும்போதாவது தொறந்து வைங்க, புண்ணியமாப் போவும்" என்பாள் என் மனைவி. இப்படிப்பட்டவன் குறும்படம் எடுக்கலாமா? எடுத்தேன். யார் கேட்பது?

இசை நான், கேமரா நான், எல்லாம் நான். மூன்றாவது படத்தில் நடிக்க என் பள்ளிக்கூடத் தோஸ்த் வந்தான். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் பார்ப்பவன். பதனிட்டு வந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்து, கீறல், ஓட்டை, உண்ணி கடித்த தழும்பு எல்லாம் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. முப்பது வருஷமாக மேஜைமேல் குனிந்தபடி அதேதான். ஆனால் மனசு பூரா நடிப்பு. அவன் வீட்டம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "முதல்ல கண்ணாடில மூஞ்சியப் பாருங்க" என்று வாரிக்கொண்டே இருப்பார். தான் நடிப்பதை அந்தம்மா ஒரே ஒரு தடவை திரையில் பார்க்க வேண்டும், அவனுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

கதைப்படி, வேலை போய்விட்டதாகக் கம்பெனி அனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டு அவன் அழ வேண்டும். காட்பாடியில் என் வீட்டு முன்னறையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, "ஆரம்பி" என்றேன். காகிதம் சரசரத்தது. ஒரு பெருமூச்சு. அப்புறம் அழுதான் பாருங்கள், ஐயோ! மின்விசிறியின் ரீங்காரம் ஷட்ஜமத்தில் நிற்க, அவன் விசும்பல் கச்சிதமாகப் பஞ்சமத்தில் வந்து உட்கார்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. "ஓகே!" என்று கத்தினேன். ஹெட்போனில் மூன்று தடவை போட்டுக் கேட்டேன். படத்தைப் பார்க்கணும் என்று தோன்றவே இல்லை.

மறுவாரம் அவன் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்விட்டான். நான் எடிட்டிங்கில் உட்கார்ந்தேன். அடப்பாவி! கையில் காகிதம் வந்ததும், தோல் பார்க்கிற பழக்கத்தில், வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறான். காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை கீட்டை இருக்கா என்று மேலும் கீழும் பார்க்கிறான். இரண்டு நிமிஷ அழுகையும் ஜன்னலுக்குப் போய்விட்டது. கேமராவுக்குக் கிடைத்தது முதுகு. அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? நாலடி தள்ளி நின்ற நான் கண்ணைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

படத்தின் மற்ற இடங்களில் நடந்து போகிறான், டீ குடிக்கிறான். நடிப்பு என்று இருந்தது இது ஒன்றுதான். மறுபடி எடுக்கலாம் என்றால், சுருட்டை முடியோடு போனவன், உம்ரா முடித்தவர்கள் வழக்கப்படி மொட்டைத் தலையோடு வந்து இறங்கினான். மூன்று நாளில் ஆம்பூரில் திரையிடல். ஹாலும் அவனே பேசி, தன் செக்‌ஷன் ஆட்களையெல்லாம் கூப்பிட்டிருந்தான்; வீட்டம்மாவும் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிட ஃபோன் போட்டேன். "தோஸ்த், புதுச் சட்டை தைச்சிட்டேன்டா" என்றான். "நல்லதுடா" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

திரையிடலன்று ஹாலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க முதுகு. அவன் என் தொடையைக் கிள்ளினான்.

"இன்னாடா, மூஞ்சி எங்கடா?"

"வரும், வரும்" என்று புளுகினேன். எங்கே வரும்?

பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "பாய், இந்தப் பக்கமும் தோல் இருக்கு, திரும்பு!" என்று குரல் விட்டார். ஹாலே சிரித்தது. என் தோஸ்த் நாற்காலியில் சுருங்கிப்போனான். எனக்கு அவமானமாக இருந்தது. முப்பது வருஷ ஆசையை இப்படிப் பாழாக்கிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விளக்கு போட்டதும் அவன் வீட்டம்மா எங்களிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "அழுதிருக்காடா" என்று என் காதில் கிசுகிசுத்தான். அவனுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அவர் அவனிடம் பேசவில்லை. என்னைக் கேட்டார்: "ண்ணா, இவரு முதுகு இவ்ளோ வளைஞ்சா போயிருக்கு? வீட்ல நிமிந்துதானே நிப்பாரு?"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "அது படத்துக்காகப் பண்ணது. நடிப்பு" என்றான்.

அவர் நம்பவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்டி, அவன் முதுகை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிப் பார்த்தார். அதற்கு மேல் அவனால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.