தீப்பெட்டி ஷெட்டுக்கு எத்தனை வாசல்

மைதாப் பசையில் மயில்துத்தத்தைப் போட்டுக் காய்ச்சும்போது எழும் வாடை போதும், எழுபது வயதிலும் நான் திருத்தங்கல் தீப்பெட்டி ஷெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பசிக்கு நாங்கள் பசையை நக்கிவிடக் கூடாதென்றுதான் அந்த நீல விஷத்தைக் கலந்தார்கள். அறுபதுகளின் அந்த வெயிலில் தகரக் கூரை டொப் டொப்பென்று அதிர, பெட்டி ஒட்டி ஒட்டி விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருக்க, பிள்ளைகள் ஓடிவிடாமலிருக்கக் கணக்குப்பிள்ளை இருந்த ஒரே வாசலையும் பூட்டியிருப்பார்.

பெட்டிக்கு ஆகாதென்று கழித்துப்போட்ட மரச்சில்லுகளை ஒட்டி, அதே ஷெட்டைச் சின்னதாகச் செய்தேன். சுவருக்கு ஒன்றாக நான்கு வாசல் வைத்தேன்.

"ஏ புள்ள, இங்கன ஒரு வாசல்தான இருக்கு?" என்றார் கணக்குப்பிள்ளை.

"தீப்பிடிச்சா ஒண்ணு பத்தாதுல்ல" என்றேன்.

செருப்புக் காலால் மிதித்து நொறுக்கிவிட்டுப் போனார்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. அன்றைக்கு நொறுங்கியதைத்தான் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். இந்த வயதில் விளையாட்டுச் சாமானா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அடிக்கு அரை அங்குலம் என்று அளவு, தகரத்தின் நெளிவுகூட என் கையில் தப்பவில்லை.

நேற்று மகன் குனிந்து பார்த்தான். "எல்லாத்தையும் அம்புட்டு அளவா செஞ்சுட்டு, வாசல மட்டும் நாலா வச்சிருக்கீகளேம்மா. அசல்ல ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீக?"

நான் பிளேடை எடுத்து, நீளச் சுவரில் ஐந்தாவது வாசலை வெட்டினேன்.