கூடைக்கு அடியில் இருந்த காலடி

பாகூரில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். பக்கத்து வீட்டில் நகை திருடுபோன காலையில், அவர்கள் ஜன்னலடிச் சேற்றில் பதிந்திருந்த காலடித் தடத்தைக் கூடையால் மூடினேன். துப்பறியும் நாவல்களில் அப்படித்தான் செய்வார்கள்.

போலீஸ் சிப்பாய் வந்து, திருடியவன் என்று அவர்களுடைய பண்ணையாள் ஏழுமலையைப் பிடித்துக் கட்டினார்.

“ஐயா, ஏழுமலை காலை இதுல வெச்சுப் பாருங்க,” என்று கூடையைத் தூக்கினேன்.

என் அண்ணன் சிரித்தான். “கதை பொஸ்தகம் படிச்சு உனுக்குக் கிறுக்குப் புடிச்சிடுச்சுடி.”

ஏழுமலையின் பாதம் தடத்தைவிடப் பெரிது.

“இப்ப நீ வையிண்ணா.” அவன் சிரித்த கோபத்தில்தான் சொன்னேன். அவன் பின்னால் நகர்ந்தான். சிப்பாய் அவன் காலைப் பிடித்து வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

அப்பா என் நாவல்களை அடுப்பில் போட்டார். அண்ணன் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. பேசவேண்டாம்.

அடுத்த திருட்டுக்கு வந்த அதே சிப்பாய், தடத்தை மூட எங்கள் வீட்டில் கூடை கேட்டார். அப்பா பார்த்துக்கொண்டிருக்க, நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.